மரை கழன்ற கதை

ஒருவனுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்வதற்கு நம் பாஷையில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அவற்றுள் 'மரை கழன்றவன்' என்பது வயதில் சின்னது. மோட்டாரும் மோட்டார்ப் பட்டறையும் நம் ஊர்களில் குடியேறிய பிற்பாடுதான் அது பிறந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை உண்டாக்கிய மகானுபாவர் பட்டறைக்குள் கால் வைத்திருக்க மாட்டார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கழன்ற மரையினால் யாருக்கு என்ன கஷ்டம்? ஒரு ஸ்பானரை எடுத்துத் திருகிவிட்டால் தீர்ந்தது. கழலாத மரை இருக்கிறதே, அதுதான் மனிதனைப் பைத்தியமாக அடிப்பது.

எங்கள் வீட்டில் ஓர் அம்பாஸடர் கார் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டின் அச்சில், 1957-இல் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்து, 2014-ஆம் வருஷம் மே மாதத்தோடு வம்சம் நின்றுபோன ஜாதி அது. எங்களுடையது 1978-ஆம் வருஷத்தது, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அப்பா வாங்கியது. நானும் என் தம்பியும் பிறந்த சில நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இதில்தான். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதில்தான். இப்போது அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மாங்காட்டுக்குப் போய்வருகிறாள். நான்தான் சாரதி.

சென்ற வருஷம் ஒரு நாள் காலையில் வண்டியைக் கிளப்பியதும் என் பெண், "அப்பா, காருக்குள்ளே கடிகாரம் ஓடுது" என்றாள். காது கொடுத்துக் கேட்டேன். வாஸ்தவந்தான். 'டிக், டிக், டிக்' என்று ஒரு சத்தம். ஐந்து நிமிஷம் ஓடியதும் தானாகவே நின்றுவிட்டது. தானாக நின்ற சத்தத்தைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? குழந்தை அழுகையை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறோமா?

அதே சமயத்தில் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் தலைவலி வர ஆரம்பித்தது. முதலில் வெயில் என்றாள். பிறகு மூக்குக் கண்ணாடியைச் சந்தேகித்தாள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கடிகாரச் சத்தத்துக்கும் தலைவலிக்கும் முடிச்சுப் போட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் முடிச்சுப் போட்டது, வேறு வேலையாக வந்து பானெட்டைத் திறந்து பார்த்த ஒரு பேட்டரிக்காரர். "எக்ஸாஸ்ட் லீக் ஆகுது சார், புகை உள்ளே வரும்" என்றார்.

விஷயம் இதுதான். எஞ்சினுக்குள் எரிந்த புகை, தலைப்பாகத்தின் பக்கவாட்டில் பொருத்திய ஒரு வார்ப்பிரும்புக் குழாய் வழியாக வெளியேறி சைலன்சருக்குப் போகிறது. அந்தக் குழாய்க்கு மேனிபோல்டு என்று பெயர். அதைத் தலையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் ஒன்று பிடியை விட்டுவிட்டால் நடுவில் மயிரிழை சந்து உண்டாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அந்தச் சந்து வழியே புகை பீறிடுகிற சத்தந்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். சூடேறி இரும்பு விரிந்ததும் சந்து ஏறக்குறைய மூடிக்கொள்ளும், சத்தம் நிற்கும். ஆனால் புகை முழுவதும் நிற்பதில்லை. அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்று ஒரு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையோடு அதைக் கட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், அளவு மிஞ்சினால் எழுந்திராத தூக்கம். டாக்டருக்குப் பிடிபடாத நோயின் பெயர் எனக்குப் பிடிபட்டதும் முதுகெலும்பில் ஒரு சில்லிப்பு ஓடியது.

நான் ஒரு கூட்டத்துக்காகக் கோயமுத்தூர் போயிருந்த இரண்டு நாட்களில் தம்பி வண்டியை ஒரு பட்டறையில் விட்டான். பெரிய பட்டறை, பெயர் வேண்டாம். திரும்பி வந்த என்னிடம் அங்கே தீர்ப்பு வாசித்தார்கள். ஸ்டட்டைத் திருகினார்களாம், பாதியில் ஒடிந்துவிட்டதாம். உள்ளே நின்றுபோன துண்டில் துளை போட்டு 'ஈஸி-அவுட்' என்ற கருவியைச் செருகித் திருப்பினார்களாம். அதுவும் உள்ளேயே ஒடிந்துவிட்டதாம். 'சுலபமாக வெளியே' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தவரும் பட்டறைப் பக்கம் போகாதவராகத்தான் இருக்க வேண்டும். அது மிகக் கடினமான எஃகு. சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கும். திருடனைப் பிடிக்கக் கிணற்றில் இறங்கிய போலீஸ்காரரும் உள்ளேயே மாட்டிக்கொண்ட மாதிரி.

"ஹெட்டையே மாத்தணும் சார். பழசு கிடைச்சாப் பார்க்கலாம். இல்லேன்னா... வண்டிக்கும் வயசாயிடுச்சே" என்றார் மேற்பார்வையாளர்.

"எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டாயா?" என்றான் தம்பி, வீட்டுக்கு வந்ததும். அவன் கணக்கில் பிசகில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப்புறம் போய், காய்ந்திருக்காத துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு சுண்டுவிரல் நீளமுள்ள இரும்புக்காக ஒரு காரை எடைக்குப் போடுவதா என்ற ஆத்திரத்தில்தான் நான் ஸ்டட் என்பது என்ன என்று விசாரிக்கத் தொடங்கினேன். கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டும் படித்த எனக்கு இயந்திர சாஸ்திரம் தூரத்து உறவு. ஆனால் இது நாவல் எழுதுகிறவனுக்கும் புரியக்கூடிய விஷயமாகவே இருந்தது.

போல்ட்டுக்குத் தலை உண்டு. ஸ்டட்டுக்குத் தலை கிடையாது. இரண்டு முனையிலும் மரை வெட்டிய ஒரு சிறு தண்டு, அவ்வளவுதான். ஒரு முனை எஞ்சினின் வார்ப்பிரும்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். மறு முனையில் குழாயைக் கோத்து நட்டுப் போட்டு முடுக்குவார்கள். பேசாமல் ஒரு போல்ட்டைப் போட்டு முடுக்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். போல்ட் என்றால், ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் எஞ்சினுக்குள் இருக்கும் மரைதான் தேயும். வார்ப்பிரும்பு நொறுங்குகிற சுபாவம் உடையது; அதன் மரை போய்விட்டால் போனதுதான். ஸ்டட் ஒருமுறை உள்ளே போனால் அசையாது. கழற்றுவதும் மாட்டுவதும் வெளி முனையில், நட்டோடு சரி. தேய்ந்தால் நட்டுத் தேயும். அதையும் மீறினால் ஸ்டட் தேயும். இரண்டும் சில ரூபாய்ச் சாமான்கள். உள்ளே நுழையும் முனையில் மரை பருமனாகவும், நட்டு முனையில் நெருக்கமாகவும் வெட்டியிருப்பதும் இதற்காகவே. நொறுங்கும் இரும்புக்குச் சதைப்பற்றுள்ள பெரிய மரை. முடுக்குகிற இடத்துக்கு நுட்பமான சின்ன மரை.

ஆக, ஸ்டட் என்பது பெரிய பொருள் கெடாமல் இருப்பதற்காகத் தான் கெட்டுப்போக ஏற்பட்ட பொருள். கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் நின்று இருபக்கத்துத் திருகலையும் தன்மேல் வாங்கிக்கொண்ட ஓர் அத்தையோ பெரியம்மாவோ எல்லா வீட்டிலும் இருந்திருக்கிறாள். பெரிய பட்டறை சொன்ன யோசனையோ இதற்கு நேர் விரோதம். ஸ்டட்டுக்காக ஹெட்டைப் பலி கொடுப்பது! அதுவும் 2014-க்குப் பிறகு புதிதாக வார்க்கப்படாத வண்டியின் ஹெட்டை!

வண்டியைக் கயிறு கட்டிப் புதுப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனோம். பழைய மோட்டார்களைப் பிரித்து மேயும் அந்தச் சென்னைக் கடைவீதியைத் தெரியாதவர்கள் குறைவு. அங்கே ஒரு சந்தில், அம்பாஸடரோடு ஆயுளைக் கழித்த ஒரு பாய் இருக்கிறார் என்று பேட்டரிக்காரர் சொல்லியிருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. பட்டறையில் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்த நட்டுகளைத் தரையில் கொட்டச் சொன்னார். அரை அங்குல ஸ்பானரை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் பொருந்தின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ஸ்பானரின் வாய்க்குள் நுழைய மறுத்தது. பையனிடம் கையை நீட்டி, "பதிமூணு" என்றார். பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பானரில் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஒடைச்சவன் மேலே கோவப்படாதீங்க தம்பி. கெடுத்தவன் வேறே ஒருத்தன். எத்தனையோ வருசத்துக்கு முன்னே" என்றார்.

அந்த நட்டுக்குள் ஒரு சரித்திரமே இருந்தது. மரைக்கு முதன்முதலில் ஒழுங்கு ஏற்படுத்தியவர் இங்கிலாந்தின் ஜோஸப் விட்வொர்த், 1841-இல். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகை என்றார். இரண்டாவது உலக யுத்தத்தில் இரண்டு தேசத்தாரும் ஒரே பக்கம் நின்று போராடினார்கள். ஆனால் ஒருவருடைய போல்ட் மற்றவருடைய நட்டில் ஏறவில்லை. பட்டது போதும் என்று அமெரிக்கா, பிரிட்டன், கானடா மூன்றும் 1948 நவம்பரில் வாஷிங்டனில் கூடி, அங்குலக் கணக்கிலேயே ஒரு பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டன. எங்கள் காரின் எஞ்சின் அந்த ஒப்பந்தத்தின் குழந்தை. நம் தேசமோ 1956-இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் செய்தது. கடைத்தெருவில் படியும் சேரும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. கார் மட்டும் பிறந்த வீட்டு அங்குலத்தை விடவில்லை.

இதன் பலன் என்ன? எங்கள் காருக்கு வேண்டிய ஸ்டட் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். கடையில் சுலபமாகக் கிடைப்பது 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்முனையில் முன்னதற்கு அங்குலத்துக்கு 18 மரை; பின்னதற்கு 20-க்குச் சற்று மேல். இரண்டு சுற்று ஆசையாக உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் முரண்டு பிடிக்கும். புத்தியுள்ளவன் அங்கே நிறுத்துவான். யாரோ ஒரு புண்ணியவான் நிறுத்தவில்லை. பலாத்காரமாக முடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். அதன் மேல் வருஷக்கணக்கில் புகையின் சூடு, சூட்டோடு துரு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது எப்படிக் கழலும்?

மற்ற ஸ்டட்டுகளும் சூட்டில் மெலிந்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார் பாய். அதற்காக அவர் செய்த முதல் காரியம், ஒன்றும் செய்யாமல் இருந்தது. டீசலும் எண்ணெயும் கலந்த ஒரு கஷாயத்தை ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் சொட்டவிட்டு, சின்னச் சுத்தியலால் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாளும் சொட்டு, தட்டு, நாளைக்கு. தம்பி டெலிபோனில் சிரித்தான்.

மூன்றாம் நாள் ஒவ்வொரு ஸ்டட்டிலும் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டினார். இப்போது அடி நட்டைத் திருப்பினால் ஸ்டட்டே திரும்பியாக வேண்டும். பையனின் கையைப் பிடித்து ஸ்பானரில் வைத்தார்.

"முதல்லே கழட்டாதே. முடுக்கு. நூல் அளவு. இப்போ கழட்டு. திரும்ப முடுக்கு."

"கழட்டத்தானே போறோம் பாய்?"

"அதுக்குத்தான் முடுக்கச் சொல்றேன். துரு ஒடையணும். 'டக்'குனு ஒரு சத்தம் வந்தா அது விடுது. சத்தமே வராம ரப்பர் மாதிரி வந்தா, அது விடல்லே, முறுக்கிக்குது. அங்கே நிறுத்திடணும். அதுக்கு மேலே ஒடையும்."

எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. ஒடிவதற்குமுன் இரும்பு சொல்லிவிட்டுத்தான் ஒடிகிறது. நீளமான ஸ்பானரில் நின்று மிதிக்கிறவனுக்கு அது சொல்வது கேட்பதில்லை. ஒரு ஸ்டட் அப்படி ரப்பராக வந்தபோது, பையன் தானாகவே கையை எடுத்தான். பாய் அதன் அடியைச் சுடவைத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. அரை மணி நேரம் பொறுத்துத் திருப்பியதும் 'டக்'கென்று விட்டது. பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சை முடிவு வந்தவன் போல் இருந்தான்.

மிச்சமிருந்தது எட்டு மில்லிமீட்டர்க்காரன், வயிற்றுக்குள் ஒடிந்த கருவியோடு. பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "இது என் கைக்கு வராது. கிண்டிக்குக் கொண்டுபோகணும்" என்றார். ஐம்பது வருஷம் தொழில் செய்தவர், வாடிக்கைக்காரன் எதிரிலும் சிஷ்யன் எதிரிலும் இதைச் சொல்கிறார்! எனக்கு அவரிடம் மரியாதை இரட்டிப்பாயிற்று.

ஹெட்டை இறக்கி, சாக்கில் சுற்றி, ஆட்டோவில் வைத்துக் கிண்டித் தொழிற்பேட்டைக்குப் போனோம். 1958-லிருந்து சின்னத் தொழிற்சாலைகள் வாழ்கிற இடம். அங்கே மின்பொறியால் இரும்பை அரிக்கும் ஓர் இயந்திரம். இருபது சொச்சம் வயதுப் பெண் ஒருத்தி அதை நடத்திக்கொண்டிருந்தாள். எண்ணெயில் ஹெட்டை அமிழ்த்தி, ஒரு செப்புக் கம்பியைத் துளைக்கு நேராக இறக்கினாள். செம்பு இரும்பைத் தொடவே தொடாது. நடுவில் இழையளவு இடைவெளி. அந்த இடைவெளியில் கணத்துக்கு ஆயிரக்கணக்கான பொறிகள் பாய்ந்து இரும்பைத் துளித் துளியாக உருக்கிக் கரைக்கும். கடினம், மென்மை என்ற பேதம் அதற்கில்லை. இந்த முறை 1943-இல் ரஷ்யாவில் லஸரெங்கோ தம்பதி கண்டது. மின்பொறியால் டங்ஸ்டன் முனைகள் அரிக்கப்படுவதை எப்படித் தடுக்கலாம் என்றுதான் அவர்கள் ஆராய்ந்தார்களாம். தடுக்க முடியாத அரிப்பை வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டார்கள்!

ஒன்றரை மணி நேரத்தில் கருவித் துண்டு கரைந்தது. ஸ்டட்டின் நடுச்சதையும் கரைந்தது. மரையில் ஒட்டியிருந்த மெல்லிய ஓட்டைப் பாய் ஊசி முனையால் நெம்பி, சுருள் சுருளாக எடுத்தார். "அங்கிள், நல்லாப் பாருங்க. ஒரு பக்கம் மரையே இல்லை" என்றாள் அந்தப் பெண். பெரிய பட்டறையின் டிரில் நடுவை விட்டு ஓரமாகப் போயிருந்தது. முன்பே நசுங்கியிருந்த மரையில் பாதியை அது தின்றிருந்தது.

இதற்கு இரண்டு வழி உண்டு. துளையைப் பெரிதாக்கி, ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் உள்ள ஸ்டட்டை லேத்தில் கடைந்து போடுவது ஒன்று. துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்குவது இன்னொன்று. ஹெலிகாயில் என்று அதற்குப் பெயர். அந்தச் சுருளின் உள்பக்கமே பழைய அளவில் புது மரையாகிவிடும். முதல் வழி செலவு குறைவு. பாய் இரண்டாவதைத்தான் செய்தார்.

"லேத்துலே கடைஞ்சது இந்த ஒரு வண்டிக்குத்தான் ஆகும். நாளைக்கு இன்னொருத்தன் கழட்டுவான். என்னடா இது அளவு புரியலையேன்னு முழிப்பான். கையிலே கிடைச்சதைப் போட்டு முடுக்குவான். அவனுக்கு எல்லாம் ஒரே அளவா இருக்கணும்" என்றார்.

பூட்டுகிற வேலையிலும் இதே நிதானந்தான். ஸ்டட்டை விரலாலேயே அடிவரை விட்டு, அங்கிருந்து கால் சுற்றுத் திருப்பி நிறுத்தினார். மரையில் கிராஃபைட் பூசினார். எஃகு நட்டு வேண்டாம் என்று பித்தளை நட்டுப் போட்டார். பித்தளை எஃகோடு துருவால் ஒட்டிக்கொள்ளாது. பலப் பரீட்சை வந்தால் நட்டுத் தோற்கும், ஸ்டட் பிழைக்கும். கெடுவதற்கென்றே பிறந்த ஸ்டட்டுக்கும் தனக்கு முன்னால் கெட ஒரு துணை! சின்ன ஸ்பானரால், மணிக்கட்டுப் பலத்தால் மட்டும், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி முடுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, இன்னொரு முறை முடுக்கினார். நானும் பையனும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். டிக் என்ற சத்தம் இல்லை.

இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைத் தலைவலி போய்விட்டது. மாங்காட்டுக் காமாட்சியின் கிருபை என்று எல்லோரிடமும் சொல்கிறாள், நான் மறுக்கவில்லை. தம்பி மட்டும், மொத்தச் செலவைக் கேட்டு அது காரின் எடை மதிப்பில் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னான். அப்புறம் அம்மாவைத் தானே ஒருமுறை மாங்காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

புறப்படும்போது பாய் ஒரு தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே இரண்டு ஸ்டட்டும் இரண்டு பித்தளை நட்டும் இருந்தன. "உங்களுக்கு வேண்டியிருக்காது தம்பி. அடுத்தாப்லே கழட்டுறவனுக்கு" என்றார். அதைக் காரின் டாஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: '5/16 அங்குலம். 8 மில்லிமீட்டர் அல்ல.' நாவல்களில் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வரியை மட்டும் என் பெண் தன் கையால் மையைக் கறுப்பாக்கி, மழையில் அழியாமல் மேலே டேப் ஒட்டினாள்.